அளவாகக் கெடுத்த மதிப்பெண்

கார்ஸ்பி, கம்ப்ரியா
ஜனவரி 19

அன்புள்ள கொலெட் அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். மேவுக்குப் பல் முளைக்கிறது. அதனால் லோர்னாவுக்குத் தூக்கமில்லை, லோர்னா தூங்காததால் எனக்கும் இல்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? இந்தக் குளிரில் காலுறை போடாமல் தேவாலயத்தில் நிற்காதே என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். நீ அதற்குப் பதிலே சொல்லவில்லை. இன்னும் அப்படித்தான் நிற்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

செய்தி இதுதான்: இந்த ஆண்டு நான் எங்கள் ரக்பி அணித் தலைவன். முப்பத்துமூன்று வயதில், முன்வரிசையில் ஆடுகிறவனுக்கு, இது கடைசி சீசனாகவும் இருக்கலாம். பகலில் ஆலையில் சாரம் கட்டுகிறேன். செவ்வாய், வியாழன் மாலை பயிற்சி. கடற்கரை மணலில் ஓடவிட்டே கொல்கிறார்கள்.

போன வாரம் தலைச் சோதனை நடந்தது. சீசன் தொடங்குமுன் எல்லோரும் கிளப் மாடியில் கணினி முன் உட்கார வேண்டும். திரையில் சீட்டுக்கட்டு வரும். சீட்டு திரும்பினால் ஒரு பொத்தான், சிவப்பாக இருந்தால் ஒரு பொத்தான், முன்பே பார்த்த சீட்டு என்றால் ஒன்று. நம் வேகத்தையும் ஞாபகத்தையும் அது எண்ணாக்கி வைத்துக்கொள்ளும். பின்னால் ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி உட்கார வைப்பார்கள். பழைய எண்ணைத் தொட்டால்தான் களத்துக்கு விடுவார்கள். ஆகவே ஜனவரியில் குறைவாக வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம். பழைய ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். பக்கத்தில் உட்கார்ந்து கோர்டி ஹாட்ஜ்சன் எனக்குப் பாடம் எடுத்தான்.

"ரொம்பக் கெடுத்துறாதடா. மெஷினு கண்டுபிடிச்சிரும். அளவாக் கெடுக்கணும். மூணு தடவ சரியா அமுக்கு, நாலாவது தடவ கொஞ்சம் முழி. ராத்திரி பூரா பப்புல கெடந்துட்டு வந்தவன் மாதிரி."

"நெஜமாவே அங்க கெடந்துட்டுத்தான்டா வந்திருக்கேன்."

"அப்ப நீ நடிக்கவே வேணாம், சும்மா அமுக்கு."

பிசியோ ட்ரூடி திரும்பிப் பார்த்து, "என்ன சிரிப்பு அங்க?" என்றாள். அதற்குப் பிறகு சிரிப்பை அடக்குவதிலேயே என் மதிப்பெண் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

உன் கோழிகளையும் மடத்துத் தலைவி அம்மாவையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
ஈமன்


கார்மேல் மடம், வேல்ஸ்
பிப்ரவரி 2

அன்புத் தம்பி ஈமனுக்கு,

இறைவனின் அமைதி உன் வீட்டில் தங்கட்டும். முட்டி பரவாயில்லை. காலுறை போடுகிறேன், தலைவி கண்ணில் படாமல். கோழிகளில் இரண்டு முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. நான் இப்போது திருப்பலிக்கான அப்பம் சுடும் அறையில் இருக்கிறேன். சுட்ட தகட்டை ஓர் இரவு ஈரக் காற்றில் வைத்தால்தான் வட்டமாக வெட்ட வரும், இல்லாவிட்டால் நொறுங்கிவிடும். முதல் வாரம் பாதிக்குமேல் நொறுக்கினேன். எல்லாம் கோழிக்குப் போயிற்று.

தலைவன் ஆனதற்கு மகிழ்ச்சி. மற்றதற்கு இல்லை.

சிரிக்கத்தான் எழுதியிருக்கிறாய். நானும் கோர்டி பேச்சுக்குச் சிரித்தேன். ஆனால் மடத்துக்கு வருமுன் ஏழு ஆண்டுகள் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தவள் நான். சனிக்கிழமை மாலைகளில் உங்கள் ஆட்டக்காரர்களைப் படுக்க வைத்துத் தலையைப் படம் பிடித்திருக்கிறேன். பெரும்பாலும் படத்தில் ஒன்றும் இருக்காது. இரத்தக் கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை. படம் சுத்தம். ஆனால் மேசையிலிருந்து இறங்கிய ஆள் தன் சட்டை எது என்று தெரியாமல் நிற்பான். அந்த மாதிரி அடியைக் காட்டப் படம் போதாது; அவனை அவனோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க முடியும். ஒப்பிட இருந்த ஒன்றைத்தான் நீ கெடுத்து வைத்திருக்கிறாய்.

உங்கள் கிளப் டாக்டர் லோதரிடம் போய், அன்றைக்கு உடம்பு சரியில்லை, சோதனையை மறுபடி எழுதுகிறேன் என்று கேள். காரணம் சொல்ல வேண்டாம். இவ்வளவுதான் கேட்கிறேன்.

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை இங்கே கடிதம் இல்லை என்பது உனக்குத் தெரியும். வருகிற கடிதங்கள் தலைவியின் இழுப்பறையில் இருக்கும். அவசரம் என்றால் வாசல் சகோதரிக்குத் தொலைபேசியில் சொல்லலாம். அதற்குமுன் ஒரு வரி எழுது.

மேவுக்கு என் முத்தம்.

கொலெட்


கார்ஸ்பி
பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். முதல் ஆட்டம் தோல்வி, இரண்டாவது வெற்றி. வலது தோள் கொஞ்சம் பேசுகிறது, அது எப்போதும் பேசுவதுதான்.

நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. டாக்டர் லோதர் ஆட்டத்தன்று மட்டும்தான் வருவார். மற்ற நாள் அவருக்குச் சொந்த மருத்துவமனை, வாசல் வரை கூட்டம். சமயம் பார்த்துச் சொல்கிறேன்.

லோர்னாவுக்கு இது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இனி ஆறு வாரத்துக்கும் மேலாக நீ பேச மாட்டாய். சின்ன வயதில் இப்படி ஒரு விதி நம் வீட்டில் இருந்திருக்கக் கூடாதா!

ஈமன்


கார்ஸ்பி
மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ இதை ஈஸ்டரன்றுதான் பிரிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். அதனால்தானோ என்னவோ எழுத எளிதாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு அடிபட்டது. எதிரணிக்காரன் பந்தோடு வந்தான், மடக்கக் குனிந்தேன், அவன் இடுப்பெலும்பு என் காதோரத்தில் இறங்கியது. இது கோர்டி சொன்னது. எனக்கு நினைவிருப்பது புல், அப்புறம் ட்ரூடியின் மூக்கு. அவள் கேட்டாளாம்:

"ஈமன், இது எந்த மைதானம்?"

பின்னால் நின்று தண்ணீர் குடித்த கோர்டி, "நம்ம வீட்டு மைதானம்டா மடையா" என்று முணுமுணுத்தான்.

"கோர்டி, உன்னையா கேட்டேன்? போ அந்தப் பக்கம். ஈமன், கடைசியா புள்ளி எடுத்தது யாரு?"

"நான்தான்."

"நீ இல்ல."

"அப்ப நான் எடுத்திருக்கணும்."

தடுப்புக்கு அப்பால் நின்ற கூட்டம் கைதட்டியதாம். ட்ரூடி சிரிக்கவில்லை. உள்ளே கூட்டிப்போய் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். நின்றேன். சுவர்தான் நிற்கவில்லை. மறுபடி என்னைக் களத்துக்கு விடவில்லை.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். சுத்தம். நீ சொன்ன அதே சுத்தம்.

இனிமேல் படி ஏறுவது போல ஏற வேண்டும்: முதலில் ஓய்வு, அப்புறம் சைக்கிள், அப்புறம் ஓட்டம், அப்புறம் யாரையும் தொடாத பயிற்சி. அதற்குப் பிறகு கணினி. கணினி சரியென்றால் மோதல் பயிற்சி. ஒரு படியில் தலை வலித்தால் கீழ்ப்படிக்கு இறங்க வேண்டும். வலிக்கிறதா என்று என்னைத்தான் கேட்பார்கள். வேறு யாரைக் கேட்பார்கள்?

மேவ் நேற்று நாயின் முதுகைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக எழுந்து நின்றாள். நாய் அசையாமல் இருந்தது. லோர்னா அழுதாள்.

ஈமன்


கார்மேல் மடம்
மார்ச் 25

அன்புத் தம்பிக்கு,

இன்று மங்கள வார்த்தைத் திருநாள். எழுதலாம் என்று தலைவி அனுமதித்தார்கள், அனுப்ப அல்ல. இதுவும் இழுப்பறைக்குத்தான் போகும். உன்னிடமிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று தெரியும். உறையின் மேல் உன் கையெழுத்தைத் தூரத்திலிருந்து பார்த்தேன்.

எல்லோரும் நலம். வயதான சகோதரி ஒருவருக்கு நிமோனியா வந்து தேறிவிட்டது. பெரிய வாரத்துக்கு அப்பம் கேட்டு ஏராளமான கோயில்கள் எழுதியிருக்கின்றன. விடியற்காலையிலிருந்து அடுப்பருகில் நிற்கிறோம். எனக்கு இப்போது தகடு நொறுங்குவதில்லை.

உன் வேலை உயரத்தில் இருப்பதை நினைத்துத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். சோதனையை மறுபடி எழுதியிருப்பாய். அந்தக் கவலை இப்போது இல்லை. பிடிவாதக்காரன்தான், ஆனால் முட்டாள் இல்லை என்று தலைவியிடமும் சொன்னேன்.

கொலெட்


கார்ஸ்பி
மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

படிகளில் ஏறிவிட்டேன். சைக்கிள் சரி. ஓட்டம் சரி. ட்ரூடி ஒவ்வொரு நாளும் கேட்டாள், "தலவலி? வெளிச்சம் கூசுதா? தூக்கம்?" நான் ஒவ்வொரு நாளும் சொன்னேன், "குழந்தை இருக்கிற வீட்ல தூக்கம் கேக்குறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?" சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை கணினி. அதே மாடி, அதே நாற்காலி. கோர்டி வாசலில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அக்கா, இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இந்தமுறை நான் கெடுக்கவில்லை. முழு மூச்சாக அமுக்கினேன். பற்களைக் கடித்துக்கொண்டு, சின்ன வயதில் கணக்குப் பரீட்சை எழுதியது போல. முன்பே பார்த்த சீட்டுகள் எல்லாம் புதிதாகத் தெரிந்தன. புதிய சீட்டுகள் பார்த்தது போல இருந்தன. முடிந்ததும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ட்ரூடி திரையைப் பார்த்தாள். "அப்படியே ஜனவரி மாதிரி இருக்கு. பழைய ஈமன் திரும்பி வந்துட்டான்" என்றாள். அதை டாக்டர் லோதரின் மருத்துவமனைக்கு அனுப்பினாள்; அவரும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வாசலுக்கு வந்து சிரித்தேன். கோர்டி என் முதுகில் அடித்தான்.

அடுத்த ஞாயிறு ஆடுகிறேன்.

ஈமன்


கார்ஸ்பி
ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நாங்கள் நலம்.

ஆறாம் தேதி ஆடினேன். வென்றோம். முழு நேரமும் நின்றேன். இரண்டாவது பாதியில் ஒருவன் தோளில் மோதியபோது கொஞ்ச நேரம் இரண்டு பந்து வந்தது. ஒன்றைப் பிடித்தேன், அது சரியான பந்துதான். யாரும் கவனிக்கவில்லை.

ஆலையில் இப்போது கீழே வேலை. குழாய்களை எண்ணி வண்டியில் ஏற்றுவது. மேற்பார்வையாளர் மாற்றிவிட்டார். சும்மா, ஒரு மாற்றத்துக்கு.

மேவ் நேற்று முதல்முறையாக எழுந்து நின்றாள். நாயைப் பிடித்துக்கொண்டு. நீ பார்த்திருக்க வேண்டும். நாய் அசையவே இல்லை.

வீட்டில் திரைச்சீலையை இழுத்து வைத்திருக்கிறோம், வெயில் அதிகம். லோர்னா கேள்விமேல் கேள்வி கேட்கிறாள். நேற்று உப்பு எங்கே என்று கேட்டதற்கு நான் கத்தினேனாம். குழந்தை பயந்துவிட்டதாம். நான் அப்படிக் கத்துகிறவன் இல்லை, உனக்குத் தெரியும்.

ஈஸ்டர் திங்கள் ஸ்கார்ட்டனோடு ஆட்டம். பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதால் ஊரே வரும். தலைவனாக அவர்களை எதிர்த்து நான் இறங்கும் முதல் ஆட்டம், கடைசியாகவும் இருக்கலாம். அந்த ஒரு ஆட்டம் போதும் எனக்கு. அதற்கப்புறம் நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

சீக்கிரம் சேரும் முதல் வகுப்புத் தபால்தலை ஒட்டுகிறேன். வீட்டில் அதுதான் இருந்தது.

ஈமன்


கார்மேல் மடம்
ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

ஈமன்,

காலைத் திருப்பலிக்குப் பிறகு உன் மூன்று கடிதங்களும் கைக்கு வந்தன. தோட்டத்தில் நின்று வரிசையாகப் படித்தேன். மூன்றாவதை முடித்துவிட்டு முதலாவதை மறுபடி எடுத்தேன். மார்ச் பதினெட்டில் மேவ் நேற்று முதல்முறையாக எழுந்து நின்றாள். ஏப்ரல் பதினான்கிலும் மேவ் நேற்று முதல்முறையாக எழுந்து நின்றாள். இரண்டிலும் நாய் அசையவில்லை.

நான் செய்ததை நானே உனக்குச் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயிலாகவும் நீ கேட்க வேண்டாம்.

தலைவியிடம் ஓடினேன். மதிய ஜெபத்துக்கு மணி அடிக்கும் நேரம். "அம்மா, டெலிபோன் வேணும். என் தம்பி" என்றேன். அவர்கள் என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார்கள். "மணி அடிக்கட்டும். நீ போய்ப் பேசு" என்றார்கள்.

முதலில் உன் எண். எடுக்கவில்லை. லோர்னாவின் எண். எடுக்கவில்லை. பிறகு வாசல் சகோதரி டாக்டர் லோதரின் மருத்துவமனை எண்ணைத் தேடிக் கொடுத்தார். விடுமுறை நாள் என்பதால் பதிவுக் குரல்தான் வந்தது. அதில் சொன்ன அவசர எண்ணுக்கு அடித்தேன். அவர்கள் மூலம் டாக்டரே திருப்பி அழைத்தார்.

"யார் பேசறது?"

"ஈமன் கியர்னியோட அக்கா. கன்னியாஸ்திரி மடத்திலிருந்து பேசறேன்."

"அம்மா, ஆட்டக்காரங்களோட உடல்நிலையைப் பத்தி நான் உங்ககிட்டப் பேச முடியாது."

"நீங்க பேச வேணாம் டாக்டர். நான் பேசறேன், நீங்க கேளுங்க. ஜனவரியில அவன் வேணும்னே குறைச்சு எழுதினான். மார்ச்சுல முழு மூச்சா எழுதினான். ரெண்டும் ஒரே மதிப்பெண்."

அந்தப் பக்கம் ஒரு கதவு மூடும் சத்தம் கேட்டது.

"இத உங்களுக்கு யார் சொன்னது?"

"அவனே எழுதியிருக்கான்."

"குறைச்சு எழுதினது அவன் மட்டுமா?"

"என் தம்பியைப் பத்தி மட்டும்தான் நான் சொல்வேன்" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. "நாளைக்கு நான் சீக்கிரமே மைதானத்துக்குப் போயிடறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நீ என்மேல் கோபப்படுவாய். படு. ஈஸ்டரன்றே என் கையில் சேரும்படி அந்தக் கடைசிக் கடிதத்தை நீ தபாலில் போட்டிருக்கிறாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நாளைக் காலைத் தபால் இல்லை. இது உனக்கு ஆட்டம் முடிந்த பிறகுதான் வரும். மாலையில் மறுபடி உங்கள் இருவர் எண்ணுக்கும் அடித்துப் பார்க்கிறேன்.

கொலெட்


கார்ஸ்பி
மே 4

அண்ணிக்கு,

உங்கள் உடல்நலம் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஈமன் எழுத மாட்டேன் என்கிறார், அதனால் நான் எழுதுகிறேன். ஈஸ்டர் மாலை நீங்கள் போன் அடித்தபோதும் நாங்கள் எடுக்கவில்லை. அவருக்கு மணிச்சத்தம் ஆகாமல் போனதால் இரண்டு போனையும் அணைத்து வைத்திருந்தோம்.

திங்கள்கிழமை டாக்டர் உடைமாற்றும் அறைக்கே வந்துவிட்டார். நான் வாசலில் குழந்தையோடு நின்றிருந்தேன், கதவு திறந்திருந்தது. ஈமன் சீருடை போட்டுக் கையில் டேப் சுற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் வேறெதுவும் பேசவில்லை.

"ஈமன், ஜனவரில வேணும்னே குறைச்சுப் போட்டியா?"

ஈமன் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார், சுற்றி முடித்தார். அப்புறம் சொன்னார்:

"ஆமா டாக்டர்."

"வேற யாரெல்லாம்?"

"என்னைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்."

டாக்டர் திரும்பி எல்லோரையும் பார்த்தார். "ஜனவரி மதிப்பெண் மொத்தமும் ரத்து. எல்லாரும் மறுபடி எழுதறீங்க. இந்த சீசன்ல தலையில அடிபட்டு அந்த எண்ணை வெச்சுத் திரும்பி வந்தவங்க இன்னிக்கு ஆட மாட்டாங்க." அது ஈமனும், சீசன் தொடக்கத்தில் அடிபட்டுத் திரும்பியிருந்த கோர்டியும். கோர்டி தலைக்காப்பைச் சுவரில் எறிந்தான். "யாருடா போட்டுக் குடுத்தது?" என்று கத்தினான். எல்லோரும் ஈமனையே பார்த்தார்கள். அவர் மறுக்கவில்லை.

முன்வரிசையில் இரண்டு பேர் இல்லாமல் ஸ்கார்ட்டனிடம் நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். அன்று மாலை யாரோ எங்கள் காரின்மேல் பையோடு குப்பையைக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

அவர் உங்களிடம் சொல்லாததை நான் சொல்கிறேன். ஏப்ரல் முதல் வாரம் ஆலையில் சாரத்தின் உச்சியில் நின்றபடி, ஏணி எந்தப் பக்கம் என்று தெரியாமல் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம். இரண்டு பேர் ஏறி இறக்கியிருக்கிறார்கள். அதனால்தான் கீழே வேலை. எனக்கே போன வாரம்தான் தெரியும், மேற்பார்வையாளரின் மனைவி கடையில் சொன்னாள்.

நீங்கள் செய்தது சரி. அது எனக்குத் தெரியும். ஆனால் அண்ணி, மார்ச்சிலேயே அந்தக் கடிதங்கள் உங்கள் மடத்தில் இருந்தன. ஒரு இழுப்பறையில். அவர் சாரத்தின் உச்சியில் குழாயைக் கட்டிப்பிடித்து நின்றபோதும் அங்கேதான் இருந்தன. நீங்கள் எல்லோரும் அந்த இழுப்பறைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு அவருக்காக ஜெபம் செய்துகொண்டிருந்தீர்கள். இதை நினைத்தால் என்னால் தூங்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்க மாட்டேன், எழுதியாகிவிட்டது.

லோர்னா


கார்மேல் மடம்
மே 11

அன்புள்ள லோர்னாவுக்கு,

உனக்கும் குழந்தைக்கும் அமைதி உண்டாகட்டும்.

உன் கடிதத்தை நான் தலைவிக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரு வரியையும் விடவில்லை. இழுப்பறையைப் பற்றி நீ எழுதியதை இரண்டாம்முறை வாசிக்கச் சொன்னார்கள். பிப்ரவரியில் அவன் "சமயம் பார்த்துச் சொல்கிறேன்" என்று எழுதியபோதே நான் உன்னை அழைத்திருக்க வேண்டும். அவன் உனக்குத் தெரிய வேண்டாம் என்றான், நான் அதற்குக் கட்டுப்பட்டேன். அது மடத்தின் விதி அல்ல.

அவன் எழுதாவிட்டால் பரவாயில்லை. சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்று மட்டும் நீ இரண்டு வரி எழுது.

கொலெட்


கார்ஸ்பி
ஜூலை 6

அக்காவுக்கு,

சுகம் என்று எழுதிப் பழகிவிட்டேன். இந்தமுறை அப்படி எழுதவில்லை. சுமார். காலையில் நன்றாக இருக்கிறது, மதியத்துக்குமேல் சத்தம் தாங்கவில்லை. ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. லோர்னாவும் மேவும் நலம். நீ நலமா?

ஈஸ்டரிலிருந்து நான் எழுதாததற்கு மறதி காரணமல்ல. உன் குரலை நினைத்தாலே ஆத்திரம் வந்தது. நான் உனக்கு எழுதியதை எடுத்து நீ இன்னொருவரிடம் படித்துவிட்டாய். அந்த ஆத்திரம் முழுதும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

ஊரில் நான்தான் போட்டுக் கொடுத்தவன். ரொட்டிக் கடைக்குப் போனால், "என்ன தலைவரே, தலச் சோதனை முடிஞ்சுதா? வாய்க்கும் ஒரு சோதனை வெச்சுப் பாக்கச் சொல்லு, அது ரொம்ப நல்லா வேல செய்யுது" என்கிறார்கள். நான் திருத்தவில்லை. உன்னைக் காப்பாற்ற என்று நினைத்துவிடாதே. அக்கா போன் பண்ணி ஆட்டத்தை நிறுத்தினாள் என்பது இதைவிடக் கேவலம் என்றுதான் முதலில் வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் ஒருநாள் சாயங்காலம் கோர்டி வந்து கதவை உதைத்தான்.

"வெளிய வாடா. உன்கிட்டப் பேசணும்."

"பேசணும்னா எதுக்குடா கதவ ஒடைக்கிற? உள்ள வா."

லோர்னா நடுவில் நின்றாள். "கோர்டி, குழந்தை தூங்குது. கத்தினே, கெட்டில்ல இருக்கிற வெந்நி உன் தலயில."

அவன் சமையலறையில் உட்கார்ந்தான். தேநீரைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் என்னைத் திட்டினான்: சீசன் போச்சு, பெயர் போச்சு, பையன்கள் பள்ளிக்கூடத்தில் அடி வாங்குகிறார்கள் என்று. அப்புறம் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"ஈமன், ஸ்கார்ட்டனுக்கு முந்தின மேட்ச். நான் வண்டி ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கேன். எனக்கு ஞாபகமே இல்லடா. மலை ரோடு பூரா. ஒரு வளைவுகூட ஞாபகம் இல்ல. பின்னாடி சீட்ல என் பசங்க ரெண்டு பேரும் இருந்திருக்காங்க."

லோர்னா அவன் தோளில் கை வைத்தாள். அந்த மலை மாதிரி ஆள் அப்படியே மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டான்.

"டாக்டர்கிட்டத் தனியாப் போக வாய் வரலடா" என்றான். "நீதான் சொல்லிட்டயே. உனக்குப் பழகிப்போச்சு. கூட வா."

நான் சொல்லவில்லை, என் அக்கா சொன்னாள் என்று அப்போதுதான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன். கோர்டி நிமிர்ந்து பார்த்தான். "மடத்தில இருக்காளே, அவளா? எனக்கு ஒரு அக்கா இல்லாமப் போச்சே" என்றான். அவன் கேலி செய்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை நியூகாசிலில் மூளை மருத்துவரிடம் போனோம். எங்கள் இருவருக்கும் வண்டி ஓட்டத் தடை. லோர்னா ஓட்டினாள். முன் சீட்டில் குழந்தையின் சாமான்கள். பின் சீட்டில் குழந்தை நடுவில், நானும் கோர்டியும் இரு பக்கமும் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

இனி நான் ஆட முடியாது. அதை மருத்துவர் சாதாரணமாகச் சொன்னார், நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் சொன்னதுதான் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மணி நேரம் சோதித்துவிட்டுச் சொன்னார்: "இப்ப நீங்க எப்படி இருக்கீங்கன்னு சொல்ல முடியும். எவ்வளவு இழந்தீங்கன்னு சொல்ல முடியல. முன்னாடி நீங்க எப்படி இருந்தீங்கங்கறதுக்கு என்கிட்ட உண்மையா ஒண்ணுமே இல்ல."

நான் ஆரம்பத்தில் எவ்வளவு வேகமானவன், எவ்வளவு ஞாபகம் உள்ளவன் என்பது எங்கேயும் இல்லை, அக்கா. ஜனவரியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே நானே அதை இல்லாமல் ஆக்கினேன். இப்போது நானாக யோசித்துப் பார்த்தாலும், முன்பு இப்படித்தான் இருந்தேனா, இல்லையா என்று பிடிபடவில்லை. உப்புக்காகக் கத்துகிறவன் நான் இல்லை என்று உனக்கு எழுதியிருந்தேனாம். லோர்னா சொல்கிறாள்; அன்றே அவளிடமும் அதைச் சொல்லிக் காட்டினேனாம். உறுதியாகத் தெரிந்துதான் எழுதினேனா?

என்னை நெடுநாள் அறிந்த இரண்டு பேர், அடிபடுவதற்குமுன் நான் எப்படி இருந்தேன் என்று எழுதித் தர வேண்டும் என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். லோர்னா எழுதுகிறாள். அவளுக்கு என்னை ஒன்பது ஆண்டுகளாகத்தான் தெரியும்.

மீதியை நீ எழுது. எதை ஒரு தடவையில் படித்தேன், எதை மறந்தேன், எதற்குக் கோபப்பட்டேன், எதற்குப் படமாட்டேன், எல்லாம். தம்பி என்பதற்காகக் கூட்டிப் போடாதே. என்மேல் இரக்கப்பட்டுக் குறைத்தும் போடாதே. எவ்வளவு இருந்தேனோ அவ்வளவு.

ஈமன்